துணி டிராக்டர்

மாஸ்டர் டிராக்டர் தைத்த கதையைச் சிரிக்காமல் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதில் முதல் திருத்தம்: தைத்தது மாஸ்டர் இல்லை, அவர் மனைவி. மாஸ்டர் வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். தையல் கடை நடந்த காலமெல்லாம் அப்படித்தான். அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் அவர். மெஷினில் உட்கார்ந்து மிதிப்பதும், பட்டன் துளைக்கு ஓரம் கட்டிக் காஜா எடுப்பதும், பட்டன் வைப்பதும் அவள். சட்டையைப் போட்டுப் பார்த்தவர்கள் "பிரமாதம் மாஸ்டர்" என்று சொல்லும்போது தலையை ஆட்டி வாங்கிக்கொள்வது மறுபடியும் அவர். காஜா எடுப்பதில் அவள் கை அத்தனை சுத்தம் என்பதால், வயதில் மூத்தவர்கள்கூட அவளைக் காஜா அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ரெடிமேட் கடைகள் இரண்டு பக்கமும் முளைத்து, பள்ளிச் சீருடை ஆர்டரும் கைவிட்டுப் போனபின், இருவரும் கடையை மூடிவிட்டு நிலத்துப் பக்கம் வந்தார்கள். மூன்று ஏக்கர். காஜா அக்காவுக்கு அவள் அப்பா கொடுத்தது. அதில் பாதிக்கு மேல் எலுமிச்சை. கடைக்கு விடுமுறை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே குழி தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். எது முதலில் காய்த்தது, எது நோஞ்சானாக இருந்து தேறியது என்று ஒவ்வொன்றின் பூர்வோத்தரமும் அவளுக்கு அத்துப்படி. மர வரிசைகளுக்கு நடுவில் கடலை போடுவார்கள்.

பக்கத்து நிலம் அவள் அண்ணனுடையது. பெரிய நிலம், பெரிய டிராக்டர், பெரிய குரல். மனிதர் கெட்டவர் இல்லை. தங்கையின் நிலத்தை ஒரு வருஷம்கூட உழாமல் விட்டதில்லை. ஆனால் மழை பெய்து காஜா அக்கா போய்க் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"முதல்ல நம்ம வேலை முடியட்டும்மா. முடிஞ்சதும் அடுத்த நிமிஷம் உன் நிலத்துலதான் வண்டி நிக்கும்."

அந்த அடுத்த நிமிஷம் வருவதற்குள் மண்ணின் பதம் போய்விடும். மழைக்குப் பின், மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் பொலபொலவென்று உதிரும் நாட்கள் கொஞ்சம்தான். அதைத் தவறவிட்டால் கலப்பை போன இடமெல்லாம் மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிடக்கும். வருஷா வருஷம் அவள் வரப்பில் நின்று, அண்ணன் நிலத்தில் ஓடும் வண்டியையும் தன் நிலத்தில் போகும் பதத்தையும் சேர்த்தே பார்ப்பாள். மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்காமல் இருக்கவும் முடியாது. வேறு எந்தக் கஷ்டமும் அவளை அப்படி வெட்கப்படுத்தியதில்லை.

போன வருஷம் அண்ணன் இன்னும் பெரிய டிராக்டராக வாங்கினார். அது எலுமிச்சைக்குள் நுழைந்ததில் ஏழெட்டு மரங்களுக்குக் கிளை ஒடிந்தது. இந்த வருஷம் மழைக்கு முன்பாகவே அவர் ஒரு வாளியில் சுண்ணாம்பும் பிரஷுமாக வந்துவிட்டார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பார்த்தேன். நடுவுல இருக்கிற ரெண்டு வரிசை மரத்தை எடுத்துடு. வண்டி தாராளமா நுழையும். உனக்கும் வேலை சுலபம்."

"மரத்தையா?"

"மரத்தைத்தான். எதெதுன்னு அடையாளம் போட்டுட்டுப் போறேன்." சொல்லிக்கொண்டே அவர் முதல் மரத்தின் அடியில் வெள்ளை வளையம் போட ஆரம்பித்தார்.

காஜா அக்கா அந்த வளையத்தையே பார்த்தாள். வளையம் போட்ட மரம், இரண்டு கோடையில் செத்துச் செத்துப் பிழைத்த மரம். அண்ணன் நாலாவது மரத்துக்குப் போவதற்குள் அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அண்ணே, எடுக்க வேணாம். நாங்களே ஒரு டிராக்டர் வாங்கிக்கிறோம்."

இது மாஸ்டருக்கும் புதுச் செய்தி. வரப்பில் நின்றிருந்தவர், கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டார். கடை மூடியும் அந்த டேப் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

அண்ணன் சிரித்தார். "மூணு ஏக்கருக்கு டிராக்டரா? சரி, வாங்கு. முதல் மழை பதத்துல நீயே உழுது காட்டு. முடியலேன்னா ரெண்டு வரிசையும் போகுது. சம்மதமா?"

"சம்மதம்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மச்சான், அதான் நானும் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

*

டிராக்டர் கடையில் மூன்று அளவில் வண்டிகள் நின்றன. பெரியது, நடுத்தரம், சின்னது. விற்பனையாளர் டை கட்டிய மெலிந்த மனிதர். எதற்கும் சிரித்த முகம்.

"எத்தனை ஏக்கர் சார்?"

"மூணு" என்றார் மாஸ்டர். "ஆனா பார்க்க அஞ்சு மாதிரி இருக்கும்."

பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, பெரிய டிராக்டரில் தொடங்கி ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார். முன் சக்கரத்துக்கு முன் சக்கரம், பின் சக்கரத்துக்குப் பின் சக்கரம், மூக்கிலிருந்து வால் வரை. "தோள் நல்ல அகலம். இடுப்பு கொஞ்சம் பிடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சார், அளவெல்லாம் புத்தகத்துலயே போட்டிருக்கு."

"புத்தகத்து அளவை நம்பித்தான் ரெடிமேட் சட்டை வாங்கறாங்க. வாங்கினவன் கழுத்தைப் பார்த்திருக்கீங்களா?"

விற்பனையாளர் அனிச்சையாகத் தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முகமே மாறிவிட்டது. மச்சானின் தலைக்கு மேலே இருந்து மச்சானைப் பார்க்கிற உயரம் அது. இடது காலால் கிளட்சை மிதித்தார். மிதித்தவர் உதட்டைக் கடித்தார். ஆயுசு பூரா வெட்டு மேசை முன்னால் நின்று நின்று தேய்ந்த முட்டி அது. இறங்கும்போது இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி வைத்து இறங்கினார். காஜா அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"பெரிசு வேணாம்" என்றார் மாஸ்டர் பெருந்தன்மையாக. "நடுவுல நிக்கிறது போதும்."

"சின்னது?" என்றாள் அவள்.

"சின்னது என்னத்துக்கு ஆகும்? வளர்ற பிள்ளைக்கு ரெண்டு விரல் கூட விட்டுத் தைக்கிறதில்லையா?"

"வளர்றது பிள்ளைங்க. நிலம் வளருமா?"

"மரம் வளருதில்ல?"

"அதைத்தான் நானும் சொல்றேன். மரம் வளர வளர நடுவுல இடம் குறையும். வண்டி சின்னதா இருந்தாத்தானே போகும்?"

மாஸ்டர் டேப்பை மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார். விற்பனையாளர் குனிந்து ஒரு டயரைத் துடைத்தார்.

"மேடம், ஓட்டிப் பார்க்க வண்டி வீட்டுக்கே அனுப்புவோம்" என்றார் நிமிர்ந்து. "ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான், ஒரு வண்டிதான். எதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. மழை வேற வரப்போகுது. அப்புறம் எல்லாரும் கேப்பாங்க."

*

வீட்டுக்கு வந்து மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை ஊற்றிக்கொள்ளும்போது அறிவித்தார்.

"பேட்டர்ன் போடாம நான் இதுவரைக்கும் எதையும் வெட்டினதில்லை. வண்டி மரத்துக்கு நடுவுல போகுமான்னு பார்க்க இதுக்கும் போட்டுடலாம்."

அப்படித்தான் துணி டிராக்டர் பிறந்தது. மேலே பறக்கிற காக்கைக்கு டிராக்டர் எப்படித் தெரியுமோ, அப்படி ஒரு துணி. பரணில் கிடந்த சீருடை மிச்சங்கள் கீழே இறங்கின. உடம்புக்கு நீலம், சக்கரங்களுக்குச் சாம்பல், உட்காரும் இடத்துக்கு ஏதோ ஒரு பள்ளியின் சிவப்புக் கட்டம். கூடத்தில் இடம் போதாமல், நாற்காலி மேசையெல்லாம் வாசலுக்குப் போயின. மாஸ்டர் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, நடுத்தர டிராக்டரை அதன் முழு அளவில் வெட்டினார். காஜா அக்கா ஓரம் மடித்துத் தைத்தாள். கடை மூடியபின் மெஷின் அத்தனை நேரம் ஓடியது அன்றுதான். அந்தச் சத்தம் வீட்டில் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

"விளக்குக்கு ரெண்டு பட்டன் வெச்சுடு" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு?"

"முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரிய வேணாமா?"

இரண்டு பெரிய கோட்டுப் பட்டன்கள் வைத்தாள்.

மறுநாள் காலையில் முன் முனையை மாஸ்டரும் பின் முனையை அவளும் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசல் கேட்டைத் துணி டிராக்டர் உரசாமல் தாண்டியது. நிலத்துப் பாதையில் சரியாகப் போனது. எலுமிச்சை வரிசைக்குள் நுழைந்தபோது இரண்டு இடத்தில் முள் மாட்டியது. மாஸ்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் மோட்டார் கொட்டகை. அங்கேதான் வண்டி திரும்பி அடுத்த வரிசைக்குள் வர வேண்டும். மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றினார். துணி டிராக்டர் அழகாகத் திரும்பி அவர் பின்னாலேயே வந்துவிட்டது.

"பார்த்தியா? ஒரே திருப்புதான். கார்கூட இப்படித் திரும்பாது."

காஜா அக்கா தன் கையிலிருந்த முனையைப் பார்த்தாள். துணி நடுவில் நாலைந்து மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது.

"ஏங்க."

"என்ன?"

"இது மடிஞ்சு திரும்புது. இரும்பு மடியுமா?"

மாஸ்டர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் துணியைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மடிகிற பொருளோடு மட்டுமே வேலை செய்தவருக்கு, மடியாத பொருளும் உலகத்தில் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அவர் முகம் தொங்கியதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"துணி வீணாகாது" என்றாள். "கழி வெச்சு ஒரு சட்டம் கட்டுங்க. அதுமேல இதை மாட்டிடலாம். சட்டம் மடியாதில்ல?"

*

நாலு நீளக் கழிகளைக் கயிற்றால் கட்டிச் சட்டம் தயாரானது. தூக்க நாலு பேர் வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"என்ன காஜா, மாஸ்டருக்குக் கட்டில் பண்றியா?"

"டிராக்டர் அண்ணி. ஒரு கை குடுங்களேன்."

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேலி சந்து வழியாக வந்தாள். எந்த வண்டி என்று முடிவு கேட்க வந்த விற்பனையாளர் நாலாவது மூலைக்கு மாட்டிக்கொண்டார். டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சட்டத்தைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் காஜா அக்கா. "முன்னால இருக்கிறவங்கதான் திரும்பலாம். பின்னால நானும் அண்ணியும் நேரா மட்டும்தான் நடப்போம். பின் சக்கரம் பக்கவாட்டுல நகராது."

"கரெக்ட் மேடம்" என்றார் விற்பனையாளர். கொஞ்சம் ஆச்சரியமாகவே சொன்னார்.

கிளம்பினார்கள். மாஸ்டர் தன்னையறியாமல் வாயால் எஞ்சின் சத்தம் போட்டார். அண்ணிக்கு அதற்கே சிரிப்பு தாங்கவில்லை. வரிசைக்குள் போகும்போது கிளைகள் இரண்டு பக்கமும் சட்டத்தை வரட் வரட்டென்று உரசின. கொட்டகைப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் முன் மூலை வேலியில் முட்டியது, பின் மூலை மரத்தில் சிக்கியது.

"ரிவர்ஸ் எடுங்க சார்" என்றார் விற்பனையாளர்.

நாலு பேரும் பின்னால் நடந்தார்கள். அண்ணி ஒரு மரத்தில் சாய்ந்து, முள் குத்தி, "ஐயோ, என் முதுகு" என்றாள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடியபின் ஒரு திருப்பம் முடிந்தது.

"ஒவ்வொரு வரிசைக்கும் இந்த ஆட்டமா?" என்றாள் காஜா அக்கா மூச்சு வாங்க.

"இதோட முடியல மேடம். மண்ணைக் கிளற பின்னாடி ரோட்டவேட்டர் மாட்டணும். வண்டி இன்னும் நீளமாயிடும்."

அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். வீட்டிலிருந்து இஸ்திரி மேசை வந்து சட்டத்தின் பின்னால் கட்டப்பட்டது. இப்போது வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இஸ்திரி மேசையின் ஒரு கால் மரத்தின் கவட்டையில் போய் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க மாஸ்டர் குனிந்த நேரத்தில்தான் வரப்பில் அண்ணன் வந்து நின்றார். நின்றவர் உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"மாப்பிள்ளை, டீசல் தீர்ந்துடுச்சா?"

மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சட்டத்தை அவிழ்த்தார். சின்ன டிராக்டரின் அளவு அவருக்கு மனப்பாடம். கழிகளை உள்ளே தள்ளிக் கட்டி, அதிகப்படித் துணியைப் பிடித்துக் குத்தினார். தொளதொளவென்று இருந்த சட்டையை உடம்புக்குப் பொருத்துவது மாதிரி, நடுத்தர டிராக்டர் கொஞ்ச நேரத்தில் சின்ன டிராக்டர் ஆனது. இஸ்திரி மேசைக்குப் பதில் ஒரு முக்காலி.

மறுபடி தூக்கினார்கள். வரிசைக்குள் கிளைகளைத் தொடாமல் போனது. கொட்டகைப் பக்கம் மாஸ்டர் திரும்பினார், சட்டமும் திரும்பியது. ஒரே திருப்பு. காஜா அக்கா நேராக நடந்துகொண்டே அடுத்த வரிசைக்குள் வந்துவிட்டாள். வெள்ளை வளையம் போட்ட மரங்கள் இரண்டு பக்கமும் பட்டுக்கொள்ளாமல் நின்றன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டத்தைப் பிடித்தபடியே, யாரும் கேட்காமல், இன்னொரு சுற்று போகலாம் என்றாள்.

அண்ணி நடந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இது எங்க கிணத்தடி மூலைக்குள்ளகூடப் போகும் போலிருக்கே."

கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் அண்ணிக்கு ஒரு துண்டு இடம் உண்டு. பெரிய வண்டி நுழையாததால் பல வருஷமாகக் களை மண்டிக் கிடந்தது. காய்கறி போட வேண்டும் என்று அண்ணி கேட்பாள், அண்ணன் அப்புறம் பார்க்கலாம் என்பார்.

"இதுலயா?" அண்ணன் வரப்பிலிருந்து சொன்னார். "இது வண்டியா, பொம்மையா? மாப்பிள்ளை, நீங்க இதுல உக்காந்து கிளட்சை மிதிச்சா முட்டி போய்த் தாடையில இடிக்கும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மாஸ்டர் தன் மூலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டார்.

*

காஜா அக்கா உள்ளே போனபோது அவர் குழாய் மேல் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னால ஓட்ட முடியாதும்மா."

"தெரியும்."

"எப்படி?"

"கடையில அந்தப் பெரிய வண்டியில ஏறி இறங்கினீங்களே, அப்பவே."

அவர் முட்டியிலிருந்து கையை எடுத்தார். "பெரிசு, நடுத்தரம், சின்னதுன்னு எதை எடுத்தாலும் கிளட்ச் இருக்கு. வண்டியை வாங்கி நிறுத்திட்டு யாரை ஓட்டச் சொல்றது? உங்க அண்ணனையா? உன் மரத்தை நான்தான் வெட்டக் குடுக்கப்போறேன்னு நினைச்சாத்தான்..."

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"ஆயுசு பூரா மெஷின் மிதிச்ச கால்ங்க இது. நீங்க நின்னு தேய்ஞ்சீங்க, நான் மிதிச்சுத் தேறினேன். கிளட்சாவது ஒண்ணாவது."

அவர் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் மெஷினுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த பாதங்கள். அவற்றை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை. பிறகு கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"அந்த மேடை மேல உக்காரு. முதுகை நிமிர்த்து. காலை நீட்டு."

இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப்பை வைத்தார். அவள் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் அளவெடுத்தீங்க. எனக்கு ஒரு தடவை எடுத்ததுண்டா?"

"உனக்கு எதுக்கு டேப்? கண்ணாலேயே வெட்டிடுவேன்." அவர் எண்ணைப் பார்த்தார், மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார். "இன்னைக்கு மட்டும் தப்பு வரக்கூடாது. பெரிசுல உனக்குக் கால் எட்டாது. நடுவுலதுல நுனிக்கால்தான் படும். சின்னதுல பாதம் முழுசாப் பதியும்."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். நொண்டினார், ஆனால் பழைய கட்டிங் மாஸ்டர் குரல் திரும்பியிருந்தது.

"தம்பி, சின்னதைக் கொண்டு வாங்க. ஓட்டப்போறது அவங்க."

வரப்பில் அண்ணனின் சிரிப்பு நின்றது. அண்ணியின் சிரிப்பு அப்போதுதான் ஆரம்பித்தது.

*

ஓட்டக் கற்றுக்கொண்டது ஒரு தனிக் கூத்து. மெஷினை மிதித்த பழக்கத்தில் காஜா அக்கா கிளட்சையும் மிதித்து மிதித்து விட்டாள். வண்டி தவளை மாதிரி குதித்துக் குதித்துப் பாதையைக் கடந்தது. விற்பனையாளர் பக்கத்தில் ஓடி ஓடிக் களைத்துப்போனார். "மேடம், ஒரு தடவை மிதிச்சா போதும், மெதுவா விடுங்க, மெதுவா" என்று அவர் கத்தியது எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் மாஸ்டர்தான் வேலியோரம் நின்று சொன்னார்: "காஜா எடுக்கிற மாதிரி போ."

அவள் காலைத் தளர்த்தினாள். துணியைக் கிழிக்காமல் ஊசியை இழுக்கிற நிதானத்தோடு கிளட்சை விட்டாள். வண்டி உறுமலைக் குறைத்துக்கொண்டு, சாதுவாக முன்னால் நகர்ந்தது. சாயங்காலம் வரை அவள் இறங்கவே இல்லை. காப்பியைக்கூட மாஸ்டர்தான் கொண்டுவந்து மேலே நீட்டினார். கடையைக் கொடுத்தபோது கைக்கு வந்த பணம் வண்டியாக மாறியது. அதைப் பற்றி இருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மழை ஒரு பகல் முழுக்கப் பெய்தது. சன்னலில் நின்று இருவரும் அதைப் பார்த்தார்கள். மழை விட்டபின் அவள் தினமும் காலையில் போய் மண்ணைப் பிடித்துப் பார்த்தாள். ஒட்டியது, பிசுபிசுத்தது, அப்புறம் ஒரு நாள் உருண்டையாகி, தட்டியதும் உதிர்ந்தது. மரங்களின் அடியில் போட்ட வெள்ளை வளையங்கள் கரைந்து பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன.

வண்டியைக் கிளப்பினாள். முதல் வரிசைக்குள் நுழைந்தாள். ரோட்டவேட்டரின் கத்திகள் மண்ணில் இறங்கின. திரும்பிப் பார்த்தாள். பின்னால் மண் கறுப்பாக, பொலபொலவென்று, கட்டி இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இந்த நிலத்தில் அவள் பார்க்காத மண். கண் நிறைந்து வழி கொஞ்சம் மங்கியது, துடைத்துக்கொண்டு ஓட்டினாள். கொட்டகைப் பக்கம் ஒரே திருப்பு. ஒரு கிளைகூட ஒடியவில்லை.

மாஸ்டர் ஒரு முக்காலியைப் போட்டு வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை அவள் வந்து திரும்பும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்ப்பார்.

"தையல் நேரா இருக்கு" என்பார்.

பக்கத்து நிலத்தில் அண்ணனின் பெரிய வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் போல அது நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வரப்புக்கு வந்தார். காஜா அக்கா வரிசையின் கடைசிக்கு வரும்வரை நின்றார். அவள் எஞ்சினைத் தணித்தாள்.

"நல்லா விழுதும்மா மண்ணு" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கிணத்தடி மூலை இருக்கில்ல, மேட்டு மண்ணு. இன்னிக்கு விட்டா காஞ்சுடும்ங்கிறா உங்க அண்ணி. விதையெல்லாம்கூட வாங்கி வெச்சுட்டா. என் வண்டி அதுக்குள்ள போகாது. அதான்..."

காஜா அக்கா இந்தப் பதிலைப் பல வருஷமாக மனசில் வைத்திருந்தாள். சொல்ல ஒரு நாள் வரும் என்றுதான் நினைத்ததில்லை.

"முதல்ல நம்ம வேலை முடியட்டும் அண்ணே. முடிஞ்சதும் அடுத்த நிமிஷம் உங்க கிணத்தடியிலதான் வண்டி நிக்கும்."

முக்காலியில் மாஸ்டர் இருமினார். அண்ணனுக்குத் தன் வார்த்தைகளை அடையாளம் தெரிந்தது. தலையாட்டினார்.

அவள் அடுத்த வரிசைக்குள் போனாள். வண்டி லேசாக ஓடுவது போல இருந்தது. போய்த் திரும்பி வந்தபோது அண்ணன் இன்னும் அங்கேயே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் நிலத்தையும் பார்க்காமல், அவள் வண்டியையே பார்த்தபடி. அவள் வருஷா வருஷம் நின்ற அதே வரப்பு, ஏறக்குறைய அதே இடம். மறுபடி கேட்கக் கூச்சம், போகவும் மனசில்லை. அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு உள்ளேயிருந்து தெரியும். வெளியேயிருந்து இன்றுதான் பார்க்கிறாள். கொஞ்சம் முன்னால் தித்தித்தது இப்போது அவ்வளவாகத் தித்திக்கவில்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "வேலிப் படலைத் திறங்க."

"இன்னும் நாலு வரிசை இருக்கேம்மா."

"நம்மது பள்ளம். நாளைக்கும் பதம் இருக்கும். அங்க போயிடும்."

மாஸ்டர் முக்காலியிலிருந்து எழுந்து, நொண்டிக்கொண்டே போய்ப் படலைத் தூக்கித் திறந்தார். சந்தின் அகலத்தில் கண்ணை ஓட்டிப் பார்த்து, டேப்பைத் தொடாமலே, "வா, தாராளமா வரலாம்" என்றார்.

அவள் வண்டியைத் திருப்பினாள். கிணற்றடியில் அண்ணி விதைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் வண்டிக்கு முன்னால் நடந்து, வழியில் கிடந்த கற்களைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஓரமாகப் போட்டுக்கொண்டே போனார்.